சின்னப் பங்கு, பெரிய கை

போன மாதம் எங்கள் கிள்ளான் கிளையின் ஞாயிறு வகுப்பில் பங்குச் சந்தையைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கணக்கியல் வகுப்புப் பக்கம்கூடப் போனதில்லை. என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் என் படிப்பு இல்லை, நான் பட்ட அடி. அன்றைக்கு வர முடியாதவர்கள் எழுதித் தரச் சொன்னதால் இந்தக் கட்டுரை.

இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போட ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். யார் ஐஸ் கொண்டுவருவது, யாருடைய வேன், அந்த மாதிரி விஷயத்துக்கு. தைப்பூசம் முடிந்தும் குரூப் கலையவில்லை. ஒரு நாள் அதில் ஒரு அண்ணன், "இந்தக் கவுண்டர் 28 காசு. பெரிய ஆள் ஒருத்தர் உள்ள வந்துட்டாரு. 60 காசு நிச்சயம்" என்று போட்டார். அவருக்கே வேறு ஒரு குரூப்பிலிருந்து வந்ததாம். நான் உடனே வாங்கவில்லை, மூன்று நாள் பார்த்தேன். 28, 31, 34. பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. 34.5 காசுக்கு 2,000 பங்கு வாங்கினேன். 690 வெள்ளி, பகுதிநேர வேலைச் சம்பளம்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டும் என் மாமாவுக்கு அந்த மெசேஜை ஃபார்வர்டு செய்தேன். மாமா போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ வாங்கிட்டியாய்யா?"

"வாங்கிட்டேன் மாமா."

"சரி, நீ படிச்ச பையன். பார்க்காமயா வாங்கியிருப்ப."

39 காசுக்கு 15,000 பங்கு. 5,850 வெள்ளி. விலை 43 வரை போனது. இரண்டு வாரத்தில் 19. விற்கலாம் என்று போட்டால் வாங்க ஆளே இல்லை. வரிசையில் நான் நிற்கிறேன், எனக்கு முன்னால் இன்னும் ஐந்நூறு பேர் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். அதில் தில்லுமுல்லு நடந்தது என்று இன்றுவரை யாரும் வழக்குப் போடவில்லை. நடந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு சின்னப் பங்கில் இப்படி நடக்க என்னென்ன வேண்டும் என்பதை அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். அதுதான் இந்தப் பாடம்.

பங்கு வாங்குவதே சூதாட்டம் என்று சொல்ல வரவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கைச் சொன்ன மரபு நம்முடையது. பொருள் தேடுவது அதில் இரண்டாவதாகவே இருக்கிறது. எனக்குப் பிரச்சனை விலை என்கிற எண்ணைப் புரியாமல் நம்பியதுதான்.

கடைசியாக விற்ற ஒரு முழம்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வரிசையை எல்லோருக்கும் தெரியும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லை. நாலு கடையில் கொஞ்சம் கொஞ்சம் மல்லிகைச் சரம் இருக்கிறது. முழம் 4 வெள்ளி. ஒருவர் வந்து முதல் கடையில் இருக்கிற எல்லாவற்றையும் வாங்குகிறார். அடுத்த கடைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு 5 வெள்ளி என்கிறார். அதையும் வாங்குகிறார். கடைசிக் கடையில் 8 வெள்ளி. அதையும் வாங்குகிறார்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் பூ விலை என்ன? "8 வெள்ளி" என்பார்கள், ஏனென்றால் கடைசியாக விற்றது அந்த விலைக்கு. சரி, அதே ஆள் திரும்பிப் போய், "பூ இப்ப 8 வெள்ளிதானே, என்கிட்ட இருக்கறத வாங்கிக்குங்க" என்றால் எந்தக் கடையில் வாங்குவார்கள்?

பங்குச் சந்தையில் ஆப் காட்டும் விலையும் கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலைதான். அது ஒரு லாட்டாக, வெறும் 100 பங்காக இருக்கலாம். மேபேங்க் மாதிரி பெரிய பங்கில் ஒவ்வொரு விலையிலும் ஏகப்பட்ட பேர் வாங்கவும் விற்கவும் நிற்பதால், அந்தக் கடைசி விலையை ஓரளவு நம்பலாம். ஆள் இல்லாத சின்னப் பங்கில் அந்த எண் பெரும்பாலும் கடைசியாக வந்தவருடைய அவசரத்தைத்தான் காட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நானாகக் கற்பனை செய்த ஒரு கம்பெனி. மொத்தம் 20 கோடி பங்கு. அதில் 15 கோடி முதலாளி குடும்பத்திடமும் பழைய பங்குதாரர்களிடமும் இருக்கிறது. அவர்கள் விற்க மாட்டார்கள். மீதி 5 கோடியிலும் பாதி, வாங்கிவிட்டு மறந்துபோனவர்களிடம். விலை 20 காசு. விற்க நிற்பவர்களின் வரிசை இப்படி:

20.5 காசில் 60,000 பங்கு
21 காசில் 40,000
21.5 காசில் 50,000
22 காசில் 30,000
22.5 காசில் 70,000
23 காசில் 50,000

ஒருவர் வந்து இந்த 3 லட்சம் பங்கையும் ஒரே மூச்சில் எடுக்கிறார். பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அவர் கொடுத்தது 65,300 வெள்ளி. விலை 20லிருந்து 23. பதினைந்து விழுக்காடு ஏற்றம். அன்றைய "அதிகம் ஏறிய பங்குகள்" பட்டியலில் பெயர் வந்துவிடும். கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு 4 கோடி வெள்ளியிலிருந்து 4 கோடியே 60 லட்சம். அதாவது 65,300 வெள்ளியை வைத்து, திரையில் 60 லட்சம் வெள்ளியை உண்டாக்கிவிட்டார்! கம்பெனிக்குள் ஒரு காசுகூடப் போகவில்லை, ஒரு புது ஆர்டர் வரவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கணக்குதான். அவர் வெளியே வர வேண்டுமே? வாங்க நிற்பவர்களின் வரிசையைப் பாருங்கள். 19.5இல் 50,000, 19இல் 40,000, 18.5இல் 60,000, 18இல் 50,000, 17.5இல் 40,000, 17இல் 60,000. அதே 3 லட்சத்தையும் இவர்களிடம் விற்றால் கிடைப்பது 54,650 வெள்ளி. நட்டம் 10,650. தரகுக் கூலி தனி.

என் மண்டையில் இது உறைக்க ரொம்ப நாள் ஆனது. ஆள் இல்லாத பங்கில் விலையை ஏற்றுவது சுலபம், ஏற்றிய விலையில் வெளியே வருவதுதான் முடியாத காரியம். பெரிய கை உள்ளே வந்துவிட்டது என்பதாலேயே அவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவரை வெளியே விட, 23 காசு கொடுத்து வாங்க 3 லட்சம் பங்குக்கு ஆள் வேண்டும். அந்த ஆள்களைத் தேடுகிற வேலைக்குப் பெயர்தான் விளம்பரம். "பெரிய ஆள் உள்ள வந்துட்டாரு" என்ற மெசேஜ் எனக்கு வந்ததற்குக் காரணம் என்மேல் இருக்கும் பாசம் இல்லை என்று அப்போது ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். நம் சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கீழே உள்ள பங்கின் விலை அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 20 காசுப் பங்குக்கு அது இரண்டரை விழுக்காடு. 5 காசுப் பங்குக்குப் பத்து விழுக்காடு. ஒரே ஒரு படி ஏறினாலே "10% லாபம்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடலாம். போடுகிறார்கள்.

கோலாலம்பூரில் நடந்தது

ரெப்கோ ஹோல்டிங்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம், ஏனென்றால் அது நாம் பிறப்பதற்கு முந்தைய கதை. வீட்டில் சந்தை பார்த்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1997இல் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் அந்தப் பங்கு 100 வெள்ளிக்கும் மேலே போனது. அந்த வருடக் கடைசியில், ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்துகொண்டிருந்த நேரம், 1997 டிசம்பர் 3ஆம் தேதி நடந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கம்பெனியின் முன்னாள் நிர்வாகத் தலைவர் லோ தியாம் ஹோக் மீது வழக்கு வந்தது.

குற்றச்சாட்டைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய மந்திர தந்திரம் எதுவும் இல்லை. விற்பவர்கள் என்ன விலை வைத்தாலும் எடுத்துக்கொண்டே போ என்று பங்குத் தரகரிடம் சொன்னார் என்பதுதான். மேலே பூக்கடையில் பார்த்தோமே, அதேதான். அப்படி வாங்கியதால் பங்கின் விலையைப் பற்றிப் பொய்யான தோற்றம் உண்டானது என்றது அரசுத் தரப்பு. 2016 ஜனவரியில் கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறையும் 50 லட்சம் வெள்ளி அபராதமும் விதித்தது.

தேதிகளைக் கவனித்தீர்களா? 1997இல் நடந்ததற்கு 2016இல் தீர்ப்பு. பதினெட்டு வருடத்துக்கும் மேல். அதனால்தான் ஒரு பங்கு ஏறும்போது "இது நேர்மையா, தில்லுமுல்லா" என்று நாம் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது என்கிறேன். வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கே அவ்வளவு நாள் ஆகிறது.

"சரி, ஆள் இல்லாத பங்கில்தானே ஆபத்து, வியாபாரம் நிறைய நடக்கிற பங்காகப் பார்த்து வாங்கினால் போச்சு" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சிங்கப்பூரில் இருக்கிறது. புளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் என்று மூன்று பங்குகள். 2012, 2013இல் மளமளவென்று ஏறின. வியாபாரமும் தினமும் அமோகம். 2013 அக்டோபர் தொடக்கத்தில் சில நாள்களுக்குள் மூன்றும் சரிந்து, சுமார் 8 பில்லியன் சிங்கப்பூர் டாலர் மதிப்பு காணாமல் போனது. விசாரணையில் வெளிவந்தது என்ன? இருபது நிதி நிறுவனங்களில், அறுபது பேர் மற்றும் நிறுவனங்களின் பெயரில் இருந்த 189 கணக்குகள். அவற்றின் வழியாக ஒரே கூட்டம் விற்று, ஒரே கூட்டம் வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு நூற்றுக்கணக்கான பேர் ஆவலாக வாங்குகிற மாதிரி தெரிந்தது. முக்கியக் குற்றவாளி ஜோன் சோ சீ வென் நம் நாட்டுக்காரர். 2022 டிசம்பரில் அவருக்கு 36 வருடச் சிறை, கூட இருந்த குவா சூ லிங்குக்கு 20 வருடம்.

ஆக, வியாபார அளவையும் உண்டாக்கலாம். என் பங்கிலும் அந்த மூன்று நாளும் அளவு நன்றாகத்தான் இருந்தது.

மெசேஜ் எப்படி வேலை செய்கிறது

விளம்பரத்தின் பலத்துக்கு நான் பார்த்ததிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் நடந்தது. சாத்னா பிராட்காஸ்ட் என்ற சின்னக் கம்பெனி. 2022 ஜூலையில் சில யூடியூப் சேனல்களில் அதைப் பற்றி வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் இந்தக் கம்பெனியை வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்ச் செய்திகள். வீடியோ லட்சக்கணக்கானவர்களைப் போய்ச் சேர, காசு கொடுத்து விளம்பரமும் செய்தார்கள். அந்தக் காலத்தில் சின்ன முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343 ஆனது என்று இந்தியாவின் கண்காணிப்பு அமைப்பான செபி 2023 மார்ச்சில் போட்ட இடைக்கால உத்தரவில் சொன்னது. முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் இவர்களிடம் விற்றுவிட்டு வெளியேறினார்கள். 31 பேரைச் சந்தைக்கு வரக்கூடாது என்று செபி தடுத்தது.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புது ஆள்கள்! நம் கணக்கில் அந்தப் பெரிய கை தேடிய ஆள்கள் இவர்கள்தான்.

அங்கே யூடியூப். நம் ஊரில் வாட்ஸ்அப், டெலிகிராம். நம்மிடம் அது இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். அந்நியர் யாராவது பங்கு வாங்கச் சொன்னால் என் மாமா போனை வைத்துவிடுவார். ஆனால் மெசேஜ் அவருக்கு வந்தது அக்காள் மகனிடமிருந்து. எனக்கு வந்தது பந்தலில் தோளோடு தோள் நின்று மோர் ஊற்றிய அண்ணனிடமிருந்து. ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தப் பொய்யோ மெய்யோ, அதனுடன் ஒருவருடைய நல்ல பெயரும் சேர்ந்துகொள்கிறது. முதலில் எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாமாவைப் பொறுத்தவரை சொன்னது நான்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 175, 176ஆம் பிரிவுகள் விலையைத் தில்லுமுல்லு செய்பவர்களுக்கு. 177ஆம் பிரிவு, பிறரைப் பங்கு வாங்கத் தூண்டக்கூடிய பொய்யான தகவலைப் பரப்புவோருக்கு. "எனக்குப் பொய் என்று தெரியாது" என்பது மட்டும் தப்பிக்க வழி இல்லை. உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் பரப்பினாலும் அந்தப் பிரிவுக்குள் வரலாம். தண்டனை பத்து வருடம் வரை சிறை, அபராதம் குறைந்தது 10 லட்சம் வெள்ளி. இதைப் படித்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

எல்லாப் பெரிய கையும் கெட்ட கை இல்லை

சின்னக் கம்பெனியில் உண்மையாகவே நம்பிக்கை வைத்து வாங்கும் நிதி நிறுவனங்கள் உண்டு. கம்பெனியின் இயக்குநரே வாங்குவதும் உண்டு. அவர்கள் வாங்கினாலும் மெல்லிய பங்கில் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிறையப் பங்கு வேண்டும் என்பவருக்கு விலை ஏறினால் எரிச்சல். அதனால் அவர் வாங்க நிற்கும் வரிசையில் பொறுமையாக நிற்பார், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். விலை ஏற வேண்டும் என்பதே நோக்கமாக உள்ளவர் விற்பவர் கேட்ட விலைக்கெல்லாம் எடுப்பார். முக்கியமாக மாலை 4:45க்கு மேல், அன்றைய முடிவு விலை தீர்மானமாகும் நேரத்தில். இதுவும் நிரூபணம் இல்லை. அவசரமாக வாங்கும் நேர்மையான முட்டாள்களும் சந்தையில் இருக்கிறார்கள், என்னைப் போல.

நிரூபணம் இல்லாமல் ஒரு கம்பெனியைத் திருடன் என்று குரூப்பில் எழுதுவதும் தப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும். வாங்காமல் இருப்பதற்கு நிரூபணம் தேவையில்லை.

பார்க்க வேண்டியவை எல்லாம் புர்சா மலேசியா இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களை. அங்கே முதல் முப்பது பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். அவர்களின் பங்கைக் கூட்டி நூறில் கழித்தால் சந்தையில் எவ்வளவு பங்கு சுற்றுகிறது என்று ஓரளவு தெரியும். பட்டியலில் பல பெயர்கள் நாமினி கணக்குகளாக இருக்கும். பின்னால் யார் என்று எப்போதும் தெரியாது, சிங்கப்பூர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் வாங்கினாலும் விற்றாலும் அறிவிக்க வேண்டும். "பெரிய ஆள் உள்ள வந்துட்டாரு" என்றால் அந்த அறிவிப்பு எங்கே என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், அவர் வெளியே போன அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை காரணம் இல்லாமல் தாவினால் புர்சா அந்தக் கம்பெனியிடம் விளக்கம் கேட்கும். யூஎம்ஏ என்பார்கள். "எங்களுக்குத் தெரிந்து காரணம் எதுவும் இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். குரூப்பில் சிலர் இதையே "பார்த்தீங்களா, கம்பெனியே கிளியர் பண்ணிடுச்சு" என்று போடுவார்கள். கம்பெனி சொன்னது தனக்குக் காரணம் தெரியாது என்பதை மட்டும்தான்.

கடைசியாக, நான் இப்போது வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுகிறேன். அந்தப் பங்கில் ஒரு சாதாரண நாளில், பரபரப்பு இல்லாத நாளில், எவ்வளவு கைமாறுகிறது? நான் வாங்கப்போவது அதில் எத்தனை பங்கு? மாமாவின் பங்கில், அந்த மெசேஜ் வருவதற்கு முந்தைய மாதத்தைத் திரும்பிப் பார்த்தேன். சில நாள்கள் 10,000 பங்குகூட நடக்கவில்லை. மாமா ஒருவரிடம் மட்டும் 15,000. அவர் விற்க நினைத்தால், அந்த நாளின் மொத்தச் சந்தையையும்விட அவர் பெரியவர். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் பெரிய கை என் மாமாதான்.

என் 2,000ஐ 17 காசுக்கு விற்றேன். மாமா இன்னும் விற்கவில்லை. "இருக்கட்டும்யா, காசு போனா போகுது" என்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போன மாதம் வகுப்பில் பேசுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு, பேரை மட்டும் போடாத" என்றார்.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு வெள்ளிக்குக் கீழே உள்ள ஏதாவது ஒரு கவுண்டரின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொண்டு வாருங்கள். முப்பது பேர் பட்டியலைச் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். கால்குலேட்டர் போதும். மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருடைய கவுண்டரிலிருந்து ஆரம்பிக்கலாம்.